ஊரே முதலாளியான கால்பந்து அணி

கேள்வி: சிகாகோவிலிருந்து வாரக் கடைசியில் போய்வர, அமெரிக்கக் கால்பந்தையே மூச்சாகக் கொண்ட சின்ன ஊர் எது?

பதில்: விஸ்கான்சின் மாநிலத்தின் கிரீன் பே. வடக்கே காரில் மூன்றரை மணி நேரம்.

மக்கள்தொகை ஒரு லட்சத்துக்குச் சற்று மேல். ஆனால் லாம்போ ஃபீல்டு மைதானத்தில் 80,000 பேருக்கு மேல் உட்காரலாம்! அங்கே ஆடும், 1919-இல் தொடங்கிய பேக்கர்ஸ் அணிக்குத் தனி முதலாளி கிடையாது. ஐந்து லட்சத்துக்கும் அதிகமான சாமானியர்கள் பங்குதாரர்கள். லாபத்தில் காலணா வராது என்று தெரிந்தே வாங்கியவர்கள். பெருநகரங்கள் பணத்தால் அணிகளை இழுத்துக்கொள்ளும் நாட்டில், இந்த ஊர் தன் அணியைக் காப்பாற்றிக்கொண்டது இப்படித்தான். அதற்காகவே ஒருமுறை பார்க்கவேண்டிய இடம் இது.

சீசன் டிக்கெட்டுகள் 1960 முதல் விற்றுத் தீர்ந்தபடி இருக்கின்றன. பெயரைப் பதிந்து காத்திருப்போர் லட்சத்துக்கும் மேல். ஆட்டம் பார்க்க மறுவிற்பனை டிக்கெட்தான் வழி, விலை கடிக்கும். ஆட்டமில்லாத நாளில் மைதானத்தைச் சுற்றிக்காட்டும் பயணத்தில் சேரலாம். கோடைப் பயிற்சிக் காலத்தில் போனால் இன்னும் நல்லது: உள்ளூர்க் குழந்தைகளின் சைக்கிளை வாங்கி, ஆஜானுபாகுவான வீரர்கள் பயிற்சித் திடலுக்கு ஓட்டிச் செல்வார்கள். பல பத்தாண்டு வழக்கம்.

மறுநாள் தேசிய ரயில் அருங்காட்சியகம். அங்கே 'பிக் பாய்' நீராவி எஞ்சின் நிற்கிறது.

சாப்பாட்டுக்குப் பொரித்த சீஸ் கர்ட்ஸ். குளிர்காலமென்றால் கனத்த கோட்டு கட்டாயம். 1967 டிசம்பரில் இங்கே மைனஸ் 25 டிகிரி செல்சியஸில் இறுதிப்போட்டியே நடந்திருக்கிறது.