கொடைக்கானலுக்குக் காரில் போறீங்களா? முதலில் இதைப் படிங்க!

பெருமாள்மலையைத் தொட இன்னும் சில வளைவுகள்தான் பாக்கி. பின் சீட்டில் என் மாமனார் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். நெற்றியெல்லாம் வியர்வை. கண்ணாடியை இறக்கிவிட்டிருக்கிறோம், குளுகுளுவென்று மலைக்காற்று அடிக்கிறது, எல்லோரும் ஸ்வெட்டரைத் தேடுகிறோம். அவருக்கு மட்டும் வியர்க்கிறது!

"மலை ஏறினாலே அவருக்கு இப்படித்தாம்மா. எலுமிச்சம்பழத்தை முகர்ந்து பார்க்கச் சொல்லு" என்றார் மாமியார். நானும் பழத்தை நீட்டினேன். வெடுக்கென்று தட்டிவிட்டார். அதிர்ந்துகூடப் பேசாத மனிதர்! போதாததற்குக் கை வேறு நடுங்கியது.

அப்போதுதான் எனக்குச் சந்தேகம் தட்டியது. "மாமா, காலையில சாப்பிட்டீங்களா?"

"வாந்தி வரும்னு சாப்பிடலைம்மா... மாத்திரை மட்டும் போட்டுக்கிட்டேன்."

சர்க்கரை மாத்திரை! வெறும் வயிற்றில்! போட்டு மூன்று மணி நேரம் ஆகியிருந்தது.

அகலமான ஓர் இடமாகப் பார்த்து வண்டியை ஓரம் கட்டினார் என் கணவர். காபிக்காகக் கொண்டுவந்திருந்த சர்க்கரையில் மூன்று ஸ்பூன் எடுத்துத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுத்தேன். கால் மணி நேரம் எங்களுக்கு ஒரு யுகம். மெல்லக் கண்ணைத் திறந்து, "எங்கே நிக்கிறோம்?" என்று கேட்டாரே, அப்போதுதான் எங்களுக்கு மூச்சே வந்தது. அதற்கப்புறம் பிரெட் கொடுத்து, அரை மணி நேரம் உட்கார வைத்துத்தான் கிளம்பினோம்.

அந்தப் பயணத்துக்கு ஒரு மாதம் முன்பிருந்தே திட்டம் போட்டிருந்தோம். எந்த ஓட்டல், ஏரியில் எப்போது படகு, எங்கே போட்டோ என்று எல்லாம் எழுதி வைத்திருந்தோம். யார் எப்போது சாப்பிடுவது, யாருக்கு எப்போது மாத்திரை என்பதை மட்டும் எழுதவில்லை! அன்று கற்ற பாடம் இதுதான். குடும்பத்தோடு தூரப் பயணம் போகும்போது திட்டத்தைப் பார்க்கப்போகும் இடங்களிலிருந்து தொடங்கக்கூடாது. வண்டியில் யாருடைய உடம்பு ரொம்ப பலவீனமோ, அவரிலிருந்து தொடங்க வேண்டும்.

மலை ஏறும்போது உடம்புக்கு என்ன ஆகிறது?

கொடைக்கானல் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரம், அதாவது 7,000 அடி. வத்தலக்குண்டிலிருந்து இரண்டு, இரண்டரை மணி நேரத்தில் கிட்டத்தட்ட 1,800 மீட்டர் மேலே போய்விடுகிறோம். ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் சுமார் 6 டிகிரி வெப்பம் குறையும். அடிவாரத்தில் 34 டிகிரி என்றால் மேலே 23தான் இருக்கும். ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்ஸிஜன், சென்னையில் கிடைப்பதில் முக்கால் பங்குக்குச் சற்று மேல்.

பயப்பட வேண்டாம். உயரத்தால் வரும் கடுமையான நோய் பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல்தான் தலைகாட்டும். நல்ல ஆரோக்கியம் உள்ளவர்களுக்குக் கொடைக்கானலில் கொஞ்சம் மூச்சு வாங்கும், முதல் நாள் லேசாகத் தலை வலிக்கலாம், அவ்வளவுதான். ஆனால் இதய பலவீனம், நாள்பட்ட நுரையீரல் நோய், கடுமையான ரத்தசோகை உள்ளவர்களும், அண்மையில் மாரடைப்பு வந்தவர்களும் டாக்டரிடம் கேட்காமல் கிளம்பவே கூடாது.

அடிவாரத்தில் ஒரு ராத்திரி

சென்னையிலிருந்து கொடைக்கானல் சுமார் 520 கிலோமீட்டர். "ராத்திரி பத்து மணிக்குக் கிளம்பினா காலையில கொடைக்கானல்ல டிபன்!" என்று கணக்குப் போடாத வீடு உண்டா? இந்தக் கணக்கில்தான் ஆபத்தே இருக்கிறது. விடிகாலை 2 மணி முதல் 5 மணி வரை உடம்பு தூக்கத்தைத்தான் கேட்கும். ராத்திரி முழுக்க விழித்த கண்ணோடு கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி ஓட்டுவது விளையாட்டா?

1845-ல் கொடைக்கானலில் முதல் பங்களாக்களைக் கட்டியவர்கள் மதுரைப் பக்கத்திலிருந்த அமெரிக்க மிஷனரிகள். சமவெளியின் வெயிலுக்கும் காய்ச்சலுக்கும் தப்பித்து, உடம்பைத் தேற்றிக்கொள்ளத்தான் மலை ஏறினார்கள். மோட்டார் சாலை வருவதற்கு முன் பெரியகுளம் பக்கத்து அடிவாரம் வரை மாட்டு வண்டி. அங்கே இறங்கி, டோலியிலோ மட்டக்குதிரையிலோ நடந்தோ மேலே போவார்கள். அடிவாரத்தில் ஒரு நிறுத்தம் போடும் வழக்கம் அப்போதே உண்டு!

நாங்கள் இப்போது பின்பற்றும் திட்டம் இது:

முதல் நாள்: காலை 5 மணிக்குச் சென்னையில் கிளம்பி, விழுப்புரம் பக்கம் டிபன், திருச்சியில் மதியச் சாப்பாடு. மாலை 4 மணிக்குள் திண்டுக்கல்லிலோ வத்தலக்குண்டிலோ அறை எடுத்துத் தங்கல்.

இரண்டாம் நாள்: காலை 7 மணிக்கு டிபன், 8 மணிக்கு ஏற்றம். டம் டம் பாறையில் நிறுத்தி எலிவால் அருவியைப் பார்க்கலாம். (குரங்குகளுக்குத் தீனி போடாதீங்க. கடித்தால் வெறிநாய்க்கடிக்குப் போடும் அதே ஊசிதான்.) ஊத்து, பெருமாள்மலை, வெள்ளி அருவி என்று நின்று நின்று போனாலும் மதியத்துக்குள் சேர்ந்துவிடலாம். அன்றைக்கு வேறு வேலையே வேண்டாம். ஓய்வு மட்டும்.

மூன்றாம் நாள் ஊர் சுற்றல். நான்காம் நாள் மறுபக்கமாகப் பழனிக்கு இறக்கம், சுமார் 64 கிலோமீட்டர். மதியம் ஓய்வு, மாலையில் முருகன் தரிசனம், ராத்திரி அங்கேயே தங்கல். ஐந்தாம் நாள் வீடு.

ஒரு நாள் கூடத்தான் ஆகிறது. அந்த ஒரு நாள்தான் உங்கள் குடும்பத்துக்கு நீங்கள் வாங்கிக் கொடுக்கும் இன்ஷூரன்ஸ்!

வாந்தி ஏன் வருகிறது?

வளைவில் வண்டி திரும்புவதைக் காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு மூளைக்குச் சொல்கிறது. செல்போனைப் பார்க்கும் கண்ணோ, "நாம் அசையவே இல்லையே" என்கிறது. இரண்டு சேதியும் முரண்படுவதால் மூளை குழம்பி, குமட்டல் வருகிறது. வண்டி ஓட்டுபவருக்கு வாந்தி வராத ரகசியமும் இதுதான். அவர் கண் பாதையிலேயே இருக்கிறது.

2 வயதிலிருந்து 12 வயது வரை உள்ள குழந்தைகளுக்கு இது அதிகம். அவர்களைப் பட்டினி போடாதீங்க. வயிறு முட்டவும் கொடுக்காதீங்க. ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு இரண்டு இட்லி போதும். பூரி மசாலா அன்றைக்கு வேண்டாம். மலைப்பாதையில் புத்தகம், செல்போன் இரண்டுக்கும் தடா. தூரத்து மலையைப் பார்க்கச் சொல்லுங்க. சென்ட், சிகரெட் வாசனை கூடாது.

வாந்தியைத் தடுக்கும் மாத்திரையை அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும். வாந்தி ஆரம்பித்த பிறகு போட்டால் அதுவும் வெளியே வந்துவிடும். எடைக்குத் தகுந்த அளவை டாக்டர்தான் சொல்ல வேண்டும். 2 வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு நீங்களாகக் கொடுக்கவே கூடாது. இந்த மாத்திரைகள் தூக்கத்தைக் கொண்டுவரும் என்பதால் ஓட்டுபவர் தொடக்கூடாது.

காது அடைத்தால் எச்சில் விழுங்கினால் சரியாகும். பெரியவர்களுக்கு மிட்டாய் போதும். கைக்குழந்தை அழுதால் வண்டியை நிறுத்திப் பால் கொடுங்க. குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு முன் சீட்டில் உட்கார்வது பாசமல்ல, ஆபத்து. 14 வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்கு பெல்ட்டோ, குழந்தைகளுக்கான தனி இருக்கையோ கட்டாயம் என்று 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டமே சொல்கிறது.

சர்க்கரைக்காரர்கள் கவனத்துக்கு

லோ சுகர் வந்தால் வியர்வை, நடுக்கம், படபடப்பு, தலைசுற்றல், எரிச்சல், பேச்சுக் குழறல் எல்லாம் வரும். இதில் பாதி, மலைப்பாதை மயக்கத்திலும் வரும். நாங்கள் ஏமாந்தது இங்கேதான். சர்க்கரைக்காரருக்கு மலைப்பாதையில் குளிரக் குளிர வியர்த்தால், முதலில் லோ சுகர் என்றே நினையுங்க. குளுக்கோமீட்டர் இருந்தால் பாருங்க. 70-க்குக் கீழே என்றால் சந்தேகமே இல்லை. மீட்டர் இல்லையென்றால் காத்திருக்காமல் இனிப்புக் கொடுங்க.

எவ்வளவு? 15 கிராம், அதாவது மூன்று டீஸ்பூன் சர்க்கரை அல்லது குளுக்கோஸ் பவுடர், தண்ணீரில் கரைத்து. 15 நிமிடத்தில் தேறாவிட்டால் இன்னொரு முறை. தேறியதும் பிரெட், இட்லி என்று ஏதாவது சாப்பிட வேண்டும். நினைவு இல்லையென்றால் வாயில் எதையும் ஊற்றாதீங்க, புரையேறிவிடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-க்குப் போன் செய்யுங்க.

எல்லாச் சர்க்கரை மாத்திரையும் இப்படி இறக்கிவிடாது. இன்சுலினும் சில வகை மாத்திரைகளும்தான் செய்யும். உங்களுடையது எந்த வகை, சாப்பாடு தள்ளிப்போனால் என்ன செய்வது என்று கிளம்பும் முன்பே டாக்டரிடம் கேட்டு எழுதி வைங்க. சீசனில் மலைப்பாதையில் மணிக்கணக்கில் வண்டிகள் நிற்பது சகஜம். இன்சுலினை டிக்கியில் வெயிலில் போடாதீங்க. ஐஸ் கட்டியின் மேலும் நேராக வைக்காதீங்க. உறைந்தால் வீண்.

தண்ணீர் குடிக்காத அம்மாக்கள்

"வழியில பாத்ரூம் எப்படி இருக்குமோ" என்று பயந்து, காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்காத பெண்கள் எத்தனை பேர்! நீர்க்கடுப்பு, தலைவலி, மலச்சிக்கல் எல்லாம் இதில்தான் ஆரம்பம். பி.பி.க்காகச் சிறுநீர் பிரியும் மாத்திரை சாப்பிடுபவர்கள் அன்றைக்கு மாத்திரையையே விட்டுவிடுவார்கள். அது இன்னும் மோசம். நேரத்தை மாற்றலாமா என்று டாக்டரைக் கேளுங்க, நிறுத்தாதீங்க.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வண்டி நிற்கட்டும். யாரும் கேட்காமலே நிற்கட்டும். மருமகள் மாமனாரிடமும், மாமியார் மருமகனிடமும் கேட்கக் கூச்சப்படுவார்கள் இல்லையா? ஐந்து நிமிடம் எல்லோரும் இறங்கி நடந்தால் காலில் ரத்தம் கட்டும் அபாயமும் குறையும். பயணம் முடிந்து ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் தைலம் தேய்க்காமல் டாக்டரைப் பாருங்க.

மேலே போன பிறகு

அந்த உயரத்தில் தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். குடிப்பதற்கு அது பாதுகாப்பானதுதான். சமையல் உள்ள காட்டேஜில் தங்கினால் பருப்பு வேகத்தான் நேரமாகும். குக்கர் இருந்தால் நல்லது. குளிருகிறதே என்று வெயிலில் திரிந்தால் தோல் கருகும், உயரத்தில் புற ஊதாக் கதிர் அதிகம். ஆஸ்துமாக்காரரின் இன்ஹேலர் பெட்டிக்குள் அல்ல, சட்டைப் பையில் இருக்கட்டும்.

ஒன்றே ஒன்றை மட்டும் மறக்கவே மறக்காதீங்க. குளிருக்கு அடக்கமாக இருக்கட்டும் என்று கரி அடுப்பையோ பார்பிக்யூ அடுப்பையோ மூடிய அறைக்குள் வைத்துக்கொண்டு தூங்காதீங்க. நெருப்பு அணைந்த மாதிரி தெரிந்தாலும் கார்பன் மோனாக்ஸைடு வரும். அதற்கு நிறமில்லை, வாசனையில்லை. தூக்கத்திலேயே உயிர் போய்விடும். கண்ணாடியை மூடி, இன்ஜினை ஓடவிட்டுக் காருக்குள் தூங்குவதும் இதே கதைதான்.

இறங்கும்போது

பழனி பக்கம் இறங்கும்போது, எந்த கியரில் ஏறுவோமோ அந்த கியரிலேயே இறங்க வேண்டும். பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் சூடேறிப் பிடிக்காமல் போகும். கருகிய வாசனை வந்தால் ஓரம் கட்டி, தானாக ஆற விடுங்க. தண்ணீர் ஊற்றக்கூடாது. ஏறிவரும் வண்டிக்கு வழி விடுவது மலைப்பாதை மரியாதை.

கைப்பையில் இருக்க வேண்டியவை

* எல்லோருடைய மாத்திரைகளும் இரண்டு நாள் கூடுதலாக, டாக்டர் சீட்டோடு
* குளுக்கோஸ் பவுடர், பிஸ்கட், வாழைப்பழம்
* உப்பு-சர்க்கரைக் கரைசல் பாக்கெட், காய்ச்சல் மாத்திரை, பஞ்சு, பேண்டேஜ்
* வாந்திக்குக் கெட்டியான பைகள், ஈரத்துணி, மாற்றுடை
* எவர்சில்வர் தண்ணீர் பாட்டில்கள் (5 லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்குக் கொடைக்கானலில் தடை உண்டு)
* இ-பாஸ். 2024 மே 7-லிருந்து உயர் நீதிமன்ற உத்தரவின்படி வந்த ஏற்பாடு. கிளம்பும் முன்பே எடுத்து வைத்தால் சோதனைச் சாவடியில் குழந்தைகளோடு காத்திருக்க வேண்டாம்.

அடுத்த முறை நாங்கள் போனபோது வத்தலக்குண்டில் தங்கி, மாமனாருக்கு இட்லி கொடுத்து, அதன் பிறகே மாத்திரை கொடுத்து ஏறினோம். ஊத்து தாண்டியதும் பின் சீட்டிலிருந்து குரல்: "லேசா பசிக்கிற மாதிரி இருக்கும்மா, வண்டியை நிறுத்தச் சொல்லு." முன்பெல்லாம் 'நம்மால் எல்லோருக்கும் சிரமம்' என்று வாயே திறக்காதவர்!

பழனியில் பஞ்சாமிர்த டப்பாவைத் திறந்ததும் என் முகத்தைப் பார்த்தார். "ஒரு ஸ்பூன், மாமா" என்றேன். "அரை ஸ்பூன் போதும்மா" என்றார் சிரித்துக்கொண்டே.