ஏவுகளத்துக்கு வரும் சிறுவர்கள்: ஓர் இளம் அமைப்பாளருக்குக் கடிதம்

புதுச்சேரியில் ராக்கெட் மன்றம் அமைத்து, பள்ளி மாணவர்களையும் சாரணர் குழுக்களையும் ஏவுகளத்துக்கு அழைக்க எண்ணும் இளைஞருக்கு,

ராக்கெட்டைச் செம்மையாகச் செலுத்துவது ஒரு திறன். அதைக் காண வரும் சிறுவர் கூட்டத்தைக் காயமின்றி வீடு சேர்ப்பது முற்றிலும் வேறொரு திறன். முதலாவதில் தேர்ந்தவருக்கு இரண்டாவது தானாகவே வந்துவிடும் என்று கருதுவது பிழை என்பதே இக்கடிதம் சொல்ல விரும்பும் செய்தி. ஆர்வத்துக்கு இப்பகுதியில் குறைவில்லை. 2023 பிப்ரவரி 19 அன்று, செங்கல்பட்டு மாவட்டத்துப் பட்டிபுலம் என்னும் கடலோர ஊரிலிருந்து, பள்ளி மாணவர் உருவாக்கிய 150 பிக்கோ செயற்கைக்கோள்களை, அதாவது உள்ளங்கையில் அடங்கும் கருவிப் பெட்டிகளை, ஒரு ஹைபிரிட் ராக்கெட் சுமந்து சென்றது. புதுச்சேரியின் அப்போதைய துணைநிலை ஆளுநர் தமிழிசை சௌந்தரராஜனும் அந்நிகழ்வில் கலந்துகொண்டார். அதைக் கேள்வியுற்ற பிள்ளைகள் தாமும் ஒன்றைப் பறக்கவிட விரும்புவது இயல்பு. அந்த விருப்பத்துக்குத் தகுந்த ஏற்பாடு செய்வது பெரியவர்களின் கடமை.

அந்த ஏற்பாட்டில் பாதுகாப்பு ஒரு தனிப் பொறுப்பு என்பதற்கு வரலாற்றிலும் சான்று உண்டு. இந்தியாவிலிருந்து ஏவப்பட்ட முதல் ஆய்வு ராக்கெட்டான நைக்-அப்பாச்சி 1963 நவம்பர் 21 அன்று கேரளத்துத் தும்பாவிலிருந்து எழுந்தபோது, இளம் பொறியாளராயிருந்த அப்துல் கலாமிடம் ஒப்படைக்கப்பட்டிருந்த பொறுப்பு ராக்கெட்டை ஒருங்கிணைப்பதும் பாதுகாப்பும் ஆகும். அந்த ராக்கெட் சுமந்த சோடியம் ஆவிக் கருவி பிரான்சிலிருந்து வந்தது. புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்த மறு ஆண்டில் நிகழ்ந்த அவ்வுதவி பரவலாக நினைவுகூரப்படுவதில்லை. ஆயினும் இளம் அமைப்பாளர் பிரான்சிடமிருந்து பெறத்தக்கது அதனினும் பயனுள்ள வேறொரு பாடம். வீட்டிலேயே எரிபொருள் கலந்து ராக்கெட் செய்த இளைஞர்களுக்கு விபத்துகள் நேர்ந்ததால், 1960களின் தொடக்கத்தில் பிரெஞ்சு அரசு அவ்வழக்கத்தைத் தடைசெய்தது. ஆனால் ஆர்வத்தைத் தடைசெய்யாமல், க்னெஸ் எனப்படும் தேசிய விண்வெளி ஆய்வு மையத்தின் அரவணைப்பில் இளைஞர் அறிவியல் மன்றங்களை வளர்த்தது. அம்முறையில் ராக்கெட்டின் உடல், இறக்கை, பாராசூட், அளவீட்டுக் கருவிகள் அனைத்தும் இளையோரின் கைவேலையாக இருக்க, எரிபொருள் அடைத்த உந்துபொறியாகிய மோட்டாரை மட்டும் தகுதி பெற்ற பெரியவர்களே கையாள்கின்றனர். ஏவுவதற்கு முன் நடக்கும் சோதனையில் தேறாத ராக்கெட் பறப்பதில்லை. கற்பனைக்கும் கைத்திறனுக்கும் முழு இடமளித்து, தீயை மட்டும் தனியே நிறுத்திய இந்தப் பகுப்பு புதுச்சேரிக்கும் பொருந்தும்.

இந்தியச் சட்டமும் ஏறத்தாழ அத்திசையிலேயே நிற்கிறது. கருமருந்து மோட்டார்கள் 1884ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டத்துக்கும் 2008ஆம் ஆண்டின் விதிகளுக்கும் உட்பட்டவையாதலால், உரிமமின்றி அவற்றைச் செய்வதோ சேர்த்துவைப்பதோ மன்றத்தின் வேலையன்று. பள்ளிக் குழுவின் முதல் வருகைக்கு நீர் ராக்கெட்டே சாலச் சிறந்தது: சோடா பாட்டிலில் பாதிக்கும் குறைவாக நீர் விட்டுக் காற்றை அழுத்தி நிரப்பினால், நீர் பின்னோக்கிப் பீறிட, பாட்டில் முன்னோக்கிப் பாய்கிறது. ஆசிய-பசிபிக் விண்வெளி அமைப்புகளின் மன்றம் 2005 முதல் மாணவர்களுக்கென நடத்திவரும் நிகழ்வும் நீர் ராக்கெட்டைக் கொண்டதே. தீயில்லை என்பதால் அதை விளையாட்டுப் பொருளாக எண்ணலாகாது. அழுத்தம் தாங்குவதற்கென்று செய்யப்பட்ட சோடா பாட்டிலையே பயன்படுத்த வேண்டும். கீறலோ மடிப்போ விழுந்ததை ஒதுக்க வேண்டும். புதிய வடிவமைப்பை விளிம்புவரை நீர் நிரப்பிச் சோதிக்க வேண்டும். நீர் அழுத்தத்தால் சுருங்காது. ஆகவே அவ்வாறு சோதிக்கும்போது பாட்டில் வெடித்தாலும், காற்று நிரம்பிய பாட்டில் போலச் சிதறாது.

மோட்டார் ராக்கெட்டை முறையான அனுமதியோடு ஏவும் நாளில், சிறுவர்கள் தம்மோடு கொண்டுவரும் தீபாவளிப் பழக்கத்தை அமைப்பாளர் முதலில் எதிர்கொள்ள நேரும். திரியைக் கொளுத்திவிட்டு ஓடவும், வெடிக்காவிட்டால் அருகே சென்று குனிந்து பார்க்கவும் தமிழ்ப் பிள்ளைகள் ஆண்டுதோறும் பழகியிருக்கிறார்கள். ஏவுகளத்தில் மிகுந்த ஆபத்து அந்தக் குனிதலில்தான் இருக்கிறது. அமெரிக்கத் தேசிய ராக்கெட் சங்கத்தின் பாதுகாப்பு நெறிகள் திரியை விலக்கி, தொலைவிலிருந்து மின்சாரத்தால் பற்றவைப்பதையே ஏற்கின்றன. மின்சுற்றில் பாதுகாப்புச் சாவி ஒன்று இருக்க வேண்டும் என்றும், ராக்கெட் பற்றாவிடில் சாவியைக் கழற்றியபின் 60 விநாடி கழியும்வரை ஒருவரும் அணுகலாகாது என்றும் விதிக்கின்றன. அச்சாவி எந்நேரமும் ஒரே பெரியவரின் கழுத்தில் தொங்குவது நன்று. சிறுவர் ஒருவர் பொத்தானை அழுத்தலாம். சாவியைச் செருகும் உரிமை அவருக்குரியதன்று. சிறிய மோட்டார்களுக்கு 5 மீட்டரும் பெரியவற்றுக்கு 9 மீட்டரும் அந்நெறிகள் கூறும் குறைந்தபட்சத் தொலைவு. கவனம் சிதறக்கூடிய சிறுவர்களைக் கயிறு கட்டி அதனினும் வெகுதொலைவில் நிறுத்துவதே முறை.

காற்றைப் பற்றிச் சற்று விரிவாகக் கூறுவது அவசியம், ஏனெனில் பிறநாட்டு நெறிநூல்கள் புதுச்சேரிக் கடற்கரையை அறியா. எழும் ராக்கெட்டின் இறக்கைகளைக் காற்று தள்ளுவதால் அதன் மூக்கு காற்று வரும் திசையை நோக்கித் திரும்புகிறது. பாராசூட் விரிந்தபின் அது காற்று போகும் திசையில் மிதக்கிறது. கிழக்கிலிருந்து கடற்காற்று வீசும் பிற்பகலில், ராக்கெட் கடலை நோக்கிச் சாய்ந்தெழுந்து, பின்னர் ஊரையும் மின்கம்பிகளையும் தென்னைகளையும் நோக்கி மிதந்துவரும். நிலக்காற்று வீசும் விடியற்காலையில் ஊர்ப்பக்கம் சாய்ந்தெழுந்து கடலில் போய் விழும். இரண்டிலும் ஆபத்தான இடம் காற்றின் நேர்கோட்டிலேயே அமைவதால், கூட்டத்தை அக்கோட்டுக்குக் குறுக்கே, பக்கவாட்டில், சூரியன் கண்ணில் படாதவாறு நிறுத்த வேண்டும். மணிக்கு 32 கிலோமீட்டருக்கு மேல் காற்று வீசினால் ஏவலாகாது என்பது மேற்கூறிய நெறி. சிறுவர் சூழ்ந்திருக்கும்போது அதற்கு வெகுமுன்னரே நிறுத்துவது அறிவுடைமை. லாஸ்பேட்டையில் விமான நிலையம் இருப்பதால், களம் எங்கிருப்பினும் வான்வெளி அனுமதியை முன்கூட்டியே கேட்டறிய வேண்டும். நெருக்கமான நகர்த் தெருக்களும் மக்கள் திரளும் கடற்கரைச் சாலையும் மோட்டார் ராக்கெட்டுக்கு ஏற்ற இடங்களல்ல.

இறங்கும் ராக்கெட்டைக் கையால் பிடிக்க ஓடுவது பிள்ளைகளின் இயல்பு என்பதால், அதை எடுத்துவர இருவரை மட்டும் முன்னரே பெயர் சொல்லி நியமிக்க வேண்டும். மின்கம்பியில் சிக்கியது போனதுதான். கம்பு கொண்டு தட்டும் ஆசிரியரையும் தடுக்க வேண்டும். பாராசூட் விரியாவிட்டால் ‘எழுந்து நில், மேலே பார்’ என்ற ஒரே கூவலுக்கு அனைவரும் எழுமாறு காலையிலேயே பயிற்சி அளிக்க வேண்டும். தரையில் அமர்ந்திருப்பவர் விரைந்து விலக இயலாது.

இவை யாவற்றையும்விடக் கடினமானது, சிறப்பு விருந்தினர் வந்து அமர்ந்து, பத்திரிகையாளர் காத்திருக்கும் வேளையில் ஏவுதலை நிறுத்துவது. அந்த அதிகாரம் சாவி வைத்திருப்பவருக்கே உரியது என்பதை அழைப்பிதழ் அச்சாகும் முன்பே பள்ளித் தலைமையிடமும் விருந்தினரிடமும் எழுத்தில் தெரிவித்துவிட வேண்டும். ஏவுதல் இல்லாத நாளுக்கும் ஒரு திட்டம் தேவை: ராக்கெட் உடல்களை மாணவர்களே எடைபோட்டு, நூலில் கட்டிச் சுழற்றி, நிலையாகப் பறக்குமா என்று சோதித்துப் பார்க்கலாம், அல்லது அதே பேருந்தில் லாஸ்பேட்டை அப்துல் கலாம் அறிவியல் மையத்தின் கோளரங்கத்துக்குச் செல்லலாம். அதற்கான அனுமதியையும் முன்னரே பெற்று வைத்திருக்கும் அமைப்பாளருக்கு, காற்று மிகும்போது வேண்டாம் என்று சொல்வது எளிதாகிவிடும்.