ஒளித்து வைத்த பெயர்

மாணவர்களே! பழைய வீட்டு விளையாட்டுக் கருவிகளைப் பற்றிப் பெரியோர் பேசும்போது 'அடாரி' என்னும் பெயரை நீங்கள் கேட்டிருக்கலாம். அடாரியின் புகழ்பெற்ற கருவி 1977ஆம் ஆண்டு வெளிவந்தது. அதற்கு ஓராண்டு முன்னரே, 1976 நவம்பரில், ஃபேர்சைல்டு என்னும் அமெரிக்க நிறுவனம் ஒரு கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பின்னர் 'சேனல் எஃப்' எனப் பெயர் பெற்ற அக்கருவியை இன்று நினைவுகூர்வோர் மிகச் சிலரே.

அதற்கு முந்தைய வீட்டுக் கருவிகளில், உள்ளே அமைக்கப்பட்ட ஆட்டங்களை மட்டுமே ஆட இயலும். சேனல் எஃப் அந்நிலையை மாற்றியது. ஒவ்வோர் ஆட்டத்தின் நிரலும் மஞ்சள் நிறக் கேட்ரிட்ஜ் ஒன்றில் பதிக்கப்பட்டிருந்தது. கேட்ரிட்ஜை மாற்றினால் ஆட்டமும் மாறும். ஆட்டத்தை நடுவே நிறுத்திவைத்துப் பின்னர்த் தொடரவும் ஒரு பொத்தான் இருந்தது. ஆட்டத்தின் ஒலி தொலைக்காட்சியிலிருந்து வாராது; கருவிக்குள்ளிருந்தே எழும். இக்கருவியை உருவாக்கும் பணிக்குத் தலைமை தாங்கியவர் ஜெரி லாசன் என்னும் கறுப்பினப் பொறியாளர்.

அடாரி வந்தபின் மக்களின் நாட்டம் அதன்பால் திரும்பியது. ஆயினும் சேனல் எஃப் கருவிக்குப் புதிய ஆட்டங்கள் சில காலம் வந்துகொண்டிருந்தன. அவற்றுள் ஒன்று 1978இல் வெளியான 'வீடியோ விஸ்பால்'. அக்காலத்தில் ஆட்டங்களை எழுதியோரின் பெயர்களை நிறுவனங்கள் பொதுவாக வெளியிடுவதில்லை. மாதக்கணக்கில் உழைத்தவர் யாரென்று ஆடுபவர் அறியார். வீடியோ விஸ்பாலை எழுதிய பிராட்லி ரீட்-செல்த் தம் குடும்பப் பெயரை அந்த ஆட்டத்துக்குள்ளேயே ஒளித்து வைத்தார். அதற்கென அமைந்த வழியில் ஆடினாலன்றி அப்பெயர் திரையில் தோன்றாது.

1980இல் அடாரிக்கு வெளிவந்த 'அட்வென்ச்சர்' ஆட்டத்தில் வாரன் ராபினெட் என்பவரும் இவ்வாறே தம் பெயரை மறைத்து வைத்தார். அது விரைவில் கண்டறியப்பட்டுப் பெரும்புகழ் பெற்றது. அதனினும் ஈராண்டு மூத்த ரீட்-செல்த்தின் பெயரோ, ஆடுவோர் குறைந்துபோன கருவிக்குள் நெடுங்காலம் உறங்கிக் கிடந்தது. பழைய கருவிகள்மீது தீராப் பற்றுக்கொண்ட ஆர்வலர்களின் தேடலால்தான் அது பல ஆண்டுகள் கழித்து வெளியுலகிற்குத் தெரியவந்தது. லாசனுக்கும் உரிய சிறப்பு காலம் தாழ்ந்தே வந்தது. 2011 மார்ச்சில் விளையாட்டு உருவாக்குநர்கள் அவரை முன்னோடி எனப் போற்றினர். அடுத்த மாதமே அவர் மறைந்தார்.

பழையதை எண்ணி ஏங்குவது வீண் என்பாருண்டு. அந்த ஏக்கம் இல்லாதிருந்தால் இப்பெயர் இன்றும் இருளில் கிடந்திருக்கும். நம் சங்க இலக்கியத்திலும் புலவர் சிலரின் இயற்பெயர் கிடைக்கவில்லை. தொகுத்தோர் அவர்களைப் பெயரின்றி விட்டுவிட மனமின்றி, அவர்தம் பாடலில் உள்ள தொடரையே பெயராகச் சூட்டினர். குறுந்தொகையின் செம்புலப்பெயனீரார் அவ்வாறு பெயர் பெற்றவரே.

நீங்கள் வாழும் இந்நகரத்தின் கட்டடங்களிலும் சாலைகளிலும் அலுவலகங்களிலும் உங்கள் பெற்றோரைப் போன்றோரின் உழைப்பு கலந்திருக்கிறது. அங்கெல்லாம் அவர்கள் பெயர் எழுதப்படவில்லை. அதனைக் கேட்டறிந்து எழுதிவைக்கும் கடமை உங்களுடையது.

அருஞ்சொற்பொருள்
நிரல் – கணினிக்குரிய கட்டளைத் தொகுப்பு
நாட்டம் – விருப்பம்
இயற்பெயர் – பெற்றோர் இட்ட பெயர்

வினாக்கள்
1. சேனல் எஃப் கருவி எம்முறையில் முந்தைய கருவிகளினின்றும் வேறுபட்டது?
2. ரீட்-செல்த் தம் பெயரை ஏன் ஒளித்து வைத்திருக்கலாம்? உம் கருத்தை எழுதுக.
3. 'செம்புலப்பெயனீரார்' என்னும் பெயர் எவ்வாறு அமைந்தது?
4. பிரித்து எழுதுக: ஒவ்வோர், பெரும்புகழ், ஈராண்டு.

செயல்பாடு
உம் பெற்றோர் இளமையில் ஆடிய விளையாட்டு ஒன்றைக் கேட்டறிக. அதனை அவர்களுக்குக் கற்பித்தவரின் பெயரோடு பத்து வரிகளில் எழுதுக.