பாட்டி சொன்னதும் பேத்தி எழுதியதும்

“அத்தை மகளுக்குப் பிள்ளை பிறந்திருக்கிறது. பெண் குழந்தை. பெரியப்பாவுக்கு இன்னும் முழங்கால் வலி குறையவில்லை. சின்னவன் பரீட்சையில் தேறிவிட்டான். வடக்கு வீட்டுப் பசு கன்று போட்டிருக்கிறது.”

பாட்டி பேச ஆரம்பித்தால் இப்படித்தான் போகும். ஒரு பேச்சில் பத்து வீட்டுச் செய்தி வந்துவிடும். நாம் அதைப் பெரிதாக எண்ணுவதில்லை. “பாட்டிக்கு வேறு வேலை இல்லை” என்று எழுந்து போய்விடுவோம்.

இந்த மாதிரிப் பேச்சைக் கேட்டு வளர்ந்த ஒரு பெண் எழுந்து போகவில்லை. கேட்டதை மனதில் வைத்துக்கொண்டார். பல ஆண்டுகள் கழித்து அதைப் புத்தகமாக எழுதினார். அவர் பெயர் ரூபி டேனியல். ஊர், கேரளத்தில் கொச்சியைச் சேர்ந்த மட்டாஞ்சேரி.

மட்டாஞ்சேரி பழைய வியாபார ஊர். மிளகு, சுக்கு, ஏலக்காய் மூட்டைகள் அடுக்கிய கிடங்குகள் அங்கே உண்டு. தெருவில் நடந்தாலே மணம் மூக்கில் ஏறும். மலையாளிகளோடு கொங்கணி பேசுகிறவர்கள், குஜராத்திகள், கச்சிலிருந்து வந்த முஸ்லிம்கள், தமிழர்கள் என்று பலர் அங்கே வாழ்கிறார்கள். பக்கத்தில் ஃபோர்ட் கொச்சியில் தமிழ் பேசும் சலவைத் தொழிலாளர் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இருக்கின்றன.

அந்த ஊரில் யூதர்களும் இருந்தார்கள். அவர்கள் வாழ்ந்த தெருவுக்கு யூதத் தெரு என்றே பெயர். யூதர்கள் வழிபடும் இடத்துக்கு ஜெப ஆலயம் என்று பெயர். மட்டாஞ்சேரியில் உள்ள பரதேசி ஜெப ஆலயம் 1568-ல் கட்டப்பட்டது. கொச்சி ராஜா தம் அரண்மனைக்குப் பக்கத்திலேயே அதற்கு இடம் கொடுத்தார். அரண்மனையை ஒட்டிப் பகவதி கோயில். அதற்கு அருகில் யூதர்களின் ஆலயம். மணி ஓசையும் ஜெப ஓசையும் ஒரே காற்றில் கலந்தன. ஆலயத்தின் தரையில் நீலமும் வெள்ளையுமான சீன ஓடுகள் பதித்திருக்கிறார்கள்.

ரூபி 1912 டிசம்பரில் பிறந்தார். வீட்டில் பேசியது மலையாளம். ஜெபம் சொன்னது எபிரேய மொழியில். அந்தக் காலத்தில் மட்டாஞ்சேரியிலிருந்து எறணாகுளம் போவதற்குப் படகில்தான் காயலைக் கடக்க வேண்டும். எறணாகுளத்தில் செயின்ட் தெரசா பள்ளியில் அவர் படித்தார். பெண் பிள்ளைகள் அவ்வளவு தூரம் போய்ப் படிப்பது அப்போது சாதாரணம் அல்ல. பிறகு எழுத்தராக வேலை பார்த்தார். இரண்டாம் உலகப் போரின்போது கடற்படையின் பெண்கள் பிரிவில் சேர்ந்தார்.

பள்ளியில் கற்றது ஒரு பக்கம். பாட்டியும் வீட்டுப் பெரியவர்களும் சொல்லித் தந்தது இன்னொரு பக்கம். யார் யாருக்கு உறவு, எந்தக் கல்யாணத்தில் என்ன நடந்தது, எந்தப் பண்டிகைக்கு என்ன சமையல் என்பதெல்லாம் அவர்கள் வாயிலிருந்துதான் வந்தது.

பஸ்கா பண்டிகையை எடுத்துக்கொள்ளுங்கள். யூதர்கள் எகிப்து நாட்டில் அடிமைகளாக இருந்து விடுதலை பெற்றதை நினைக்கும் பண்டிகை இது. அந்த நாட்களில் புளித்த மாவில் செய்த எதையும் சாப்பிடக் கூடாது. வீட்டில் அதன் துகள்கூட இருக்கக் கூடாது. கொச்சியில் இதற்குப் பல வாரங்களுக்கு முன்பே வேலை தொடங்கிவிடும். வீட்டுக்கு வெள்ளையடிப்பார்கள். கிணற்றை இறைத்துத் தேய்த்துக் கழுவுவார்கள். அரிசியை மணி மணியாகப் பொறுக்கி எடுப்பார்கள். கோதுமை ஒன்று கலந்திருந்தாலும் ஆகாதே! பொங்கலுக்கு முன்னால் நம் வீட்டுப் பெண்கள் படும் பாடு நினைவுக்கு வருகிறதா? இந்த வேலைகளின் முறை பெரும்பாலும் மாமியாரிடமிருந்து மருமகளுக்கும், பாட்டியிடமிருந்து பேத்திக்கும் வந்தது.

பாட்டுகளும் அப்படித்தான் வந்தன. கொச்சி யூதப் பெண்கள் மலையாளத்தில் நிறையப் பாடினார்கள். கல்யாணத்துக்குப் பாட்டு, ஆலயம் கட்டிய கதைக்குப் பாட்டு, வேத நூல் கதைக்குப் பாட்டு. ஆண்கள் இருக்கும் சபையிலேயே பெண்கள் குரல் எடுத்துப் பாடுவார்கள். ஆண்கள் உட்கார்ந்து கேட்பார்கள். யூதர்கள் வாழ்ந்த வேறு பல இடங்களில் இதற்கு அனுமதி இருந்ததில்லை.

அந்தப் பாட்டுகளைப் பெண்கள் நோட்டுப் புத்தகங்களில் எழுதி வைத்தார்கள். தாயின் நோட்டைப் பார்த்து மகள் எழுதுவாள். எழுதும்போது சொற்கள் மாறிப்போனதும் உண்டு. பிற்காலத்தில் அறிஞர்கள் பல நோட்டுகளை அருகருகே வைத்துப் பார்த்து, சரியான சொல் எது என்று தேடினார்கள். தேடுவதற்கு நோட்டு இருந்ததே, அதுதான் முக்கியம்.

வீட்டுச் செய்தி என்றால் கல்யாணமும் பலகாரமும் மட்டும் இல்லை. வலியும் உண்டு.

பரதேசி ஆலயத்தில் எல்லா யூதர்களும் சமமாக நடத்தப்படவில்லை. ஒரு பகுதியாரை, “இவர்கள் முன்பு அடிமைகளாக இருந்தவர்களின் வழி வந்தவர்கள்” என்று ஒதுக்கினார்கள். அவர்கள் முன் மண்டபத்தில்தான் உட்கார வேண்டும். மற்ற யூதர்கள் அவர்களோடு பெண் கொடுத்துப் பெண் எடுக்க மாட்டார்கள். ரூபியின் குடும்பமும் ஒதுக்கப்பட்ட பகுதியைச் சேர்ந்ததுதான். எல்லாருக்கும் ஒரே சாமி. ஒரே வேதம். ஆனால் உட்காரும் இடம் வேறு! நமக்கு இது புதிய கதை இல்லை.

இதை எதிர்த்து ஏ. பி. சேலம் என்ற வழக்கறிஞர் போராடினார். அவரும் அதே பகுதியைச் சேர்ந்தவர். காந்தியைப் பின்பற்றி ஆலயத்துக்குள்ளேயே சத்தியாகிரகம் செய்தார். அடி, தடி இல்லாமல், உண்மைக்காகப் பிடிவாதமாக நிற்பதுதான் சத்தியாகிரகம். அவரை யூத காந்தி என்று அழைத்தார்கள். பல ஆண்டுப் போராட்டத்துக்குப் பிறகு தடைகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன.

ஆலயத்தைப் பார்க்க வருகிறவர்களிடம் சீன ஓடுகளைப் பற்றிச் சொல்ல ஆள் இருந்தது. 1760-ல் கட்டிய மணிக்கூண்டைப் பற்றிச் சொல்லவும் ஆள் இருந்தது. முன் மண்டபத்தில் உட்கார வைக்கப்பட்டவர்களின் மனது என்ன பாடுபட்டது என்பதை யார் சொல்வார்கள்? அந்த வீட்டுப் பெண்களுக்குத்தான் தெரியும்.

1948-ல் இஸ்ரேல் என்ற நாடு உருவானது. கொச்சி யூதர்கள் கூட்டம் கூட்டமாக அங்கே போனார்கள். 1950-களின் நடுவுக்குள் பெரும்பாலோர் போய்விட்டார்கள். வீட்டையும் தெருவையும் விட்டு, சட்டி பானை, துணிமணி, பாட்டு நோட்டு ஆகியவற்றை எடுத்துக்கொண்டு போனார்கள். நெவாதிம், மெசிலாத் சியோன் போன்ற புதிய கிராமங்களில் குடியேறினார்கள். நெவாதிம் இருப்பது வறண்ட பூமி. மழையில் நனைந்தே பழகியவர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும்! அங்கேயும் உழைத்து விவசாயம் செய்தார்கள்.

ரூபி 1951-ல் போனார். நாட்டின் வடக்கே நெயோத் மொர்தெகாய் என்ற கூட்டுப் பண்ணைக் கிராமத்தில் குடியேறினார். அங்கே நிலம் எல்லாருக்கும் பொது. சமையல் கூடமும் பொது.

ஒரே தெருவில் இருந்த உறவு இப்போது நாலா பக்கமும் சிதறிவிட்டது. முன்பு திண்ணையில் உட்கார்ந்து சொன்ன செய்தியைக் கடிதத்தில்தான் சொல்ல வேண்டும். எழுதத் தெரிந்தவர் வீட்டுக்குச் செய்தி போனது. எழுதத் தெரியாதவர் அடுத்தவரைக் கெஞ்ச வேண்டும். மகளுக்குச் சொல்ல வேண்டிய அந்தரங்கத்தை அடுத்தவர் கையால் எழுதுவது எவ்வளவு சங்கடம் என்பது, எழுதச் சொல்லிக் காத்திருந்தவர்களுக்குத் தெரியும்.

புதிய நாட்டில் பிறந்த பிள்ளைகள் எபிரேயம் பேசினார்கள். பாட்டியின் மலையாளம் அவர்களுக்குப் பாதிதான் புரிந்தது. இன்னும் ஒரு தலைமுறை போனால் ஒன்றும் புரியாது.

அப்போது ரூபிக்கு வயது எழுபதை நெருங்கிவிட்டது. பேனாவை எடுத்தார். பழைய நோட்டுகளில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்ட மலையாளப் பாட்டுகளை ஆங்கிலத்தில் பெயர்த்தார். தன் குடும்பத்தின் கதையையும், தெருவின் கதையையும், ஆலயத்தில் நடந்த அநியாயத்தையும் மறைக்காமல் சொன்னார். பார்பரா ஜான்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர் கூட இருந்து உதவினார். 1995-ல் புத்தகம் வெளிவந்தது. அதன் பெயர் ‘கொச்சியின் ரூபி’ என்று பொருள்படும். அப்போது அவருக்கு 82 வயது. 2002-ல் காலமானார். அதற்கு 3 ஆண்டு கழித்து, 2005-ல், அந்தப் பெண்களின் பாட்டுகள் மலையாளத்திலும் எபிரேயத்திலும் ஒரே புத்தகமாக வந்தன.

மட்டாஞ்சேரியிலேயே தங்கிவிட்டவர்களும் சிலர் உண்டு. சாரா கோஹன் என்ற மூதாட்டி யூதத் தெருவில் பூ வேலை செய்த துணிகளை விற்று வந்தார். பிள்ளை இல்லாத அவரை முதுமையில் கவனித்துக்கொண்டது ஒரு முஸ்லிம் குடும்பம். 2019-ல், 96 வயதில் அவர் மறைந்தார். இப்போது அந்தத் தெருவில் யூத வீடுகள் அநேகமாக இல்லை. கடைகள் இருக்கின்றன. ஊர் பார்க்க வருகிறவர்கள் படம் எடுத்துக்கொள்கிறார்கள். அரிசி பொறுக்கிய கதையும் கிணறு இறைத்த கதையும் அவர்கள் படத்தில் விழாது.

இன்னொரு செய்தி. மட்டாஞ்சேரி இருப்பது எறணாகுளம் மாவட்டத்தில். நாட்டிலேயே முதல் முழு எழுத்தறிவு மாவட்டம் என்று 1990 பிப்ரவரி 4-ஆம் தேதி அறிவிக்கப்பட்டது இந்த மாவட்டம்தான். அங்கே ஐம்பது, அறுபது வயதில் எழுத்துக் கற்ற பெண்கள் பலர் உண்டு.

எழுதிப் பாருங்கள்

உங்கள் வீட்டில் மூத்தவர் ஒருவரிடம் போய் உட்காருங்கள். நீங்களே மூத்தவர் என்றால் பேரப்பிள்ளையைக் கூப்பிட்டு உட்கார வையுங்கள். இரண்டு கேள்விகள் போதும். உங்கள் கல்யாணத்தில் யார் பாடினார்கள், என்ன பாட்டு? சின்ன வயதில் உங்களை எங்கே உட்காரக் கூடாது என்றார்கள்? பதிலை அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுதுங்கள். எழுத்துப் பிழை வந்தால் அடித்துத் திருத்திக்கொள்ளலாம். தாளின் மேலே தேதியும் சொன்னவர் பெயரும் போடுங்கள்.