மனத்தின் நிழலை அறிவோம்

நெடுநாள் நோயுற்றவரைப் பராமரிப்போர் பலருக்கும், வெளியே சொல்லத் தயங்கும் உணர்வுகள் சில உண்டு. ‘எனக்கு மட்டும் ஏன் இந்தச் சுமை?’ என்னும் கோபமும், ‘இது எப்போது முடியும்?’ என்னும் சலிப்பும் அத்தகையவை. நோயாளியின் உள்ளத்திலும், நலமாக நடமாடுவோரைக் கண்டு பொறாமை எழுவதுண்டு.

சுவிட்சர்லாந்து நாட்டு மனநல மருத்துவர் கார்ல் குஸ்தாவ் யுங் (1875–1961) மனத்தின் இப்பகுதியை ‘நிழல்’ என்று அழைத்தார். ‘இது என் இயல்பன்று’ என நாம் ஒதுக்கித் தள்ளுபவை அங்கே சேர்கின்றன. அவை யாவும் தீயவை அல்ல. உதவி கேட்கும் எளிமையும், ‘முடியவில்லை’ என்று சொல்லும் துணிவும் அங்கே ஒளிந்திருக்கலாம்.

ஒதுக்கிய உணர்வு அழிவதில்லை. வேறு வழியில் வெளிப்படுகிறது. மாத்திரையை உண்ணச் சற்றுத் தாமதித்த தாயிடம் மகள் அளவுமீறிச் சினக்கிறாள். அச்சினத்தின் வேர் மாத்திரையில் இல்லை. பல இரவுகள் உறங்காத அவளது சோர்வில் இருக்கிறது. தன் சோர்வை ஏற்காத அவளே, ஓய்வெடுக்கும் அண்ணனைச் ‘சோம்பேறி’ என்றும் பழிக்கக்கூடும்.

ஓர் உணர்வை ஏற்பது வேறு. அதன்படி நடப்பது வேறு. கோபம் எழுவதனால் அன்பு இல்லை என்று ஆகிவிடாது. இரண்டும் ஒரே உள்ளத்தில் வாழக்கூடியவை.

மூன்று பயிற்சிகள்

1. சினம் அடங்கியபின் தனியே அமர்ந்து, நிகழ்ந்தது என்ன, உணர்ந்தது என்ன, உண்மையில் தேவைப்பட்டது என்ன என்று எழுதுங்கள்.

2. ‘நான் கெட்டவள்’ என்று தீர்ப்பெழுதாமல், ‘எனக்குக் கோபம் வந்திருக்கிறது’ என்று உணர்வுக்குப் பெயரிடுங்கள்.

3. தேவையைத் தெளிவான வேண்டுகோளாக்குங்கள். ‘யாரும் உதவுவதில்லை’ என்பதைவிட, ‘அண்ணா, ஞாயிறு மாலை இரண்டு மணி நேரம் அம்மாவுடன் இருக்க முடியுமா?’ என்பது பயன் தரும்.

எப்போது உதவி நாட வேண்டும்?

உறக்கமின்மையும் நம்பிக்கையிழப்பும் இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் மருத்துவரிடம் கூறுங்கள். தமக்கோ நோயாளிக்கோ தீங்கு செய்யும் எண்ணம் எழுந்தால் ஒரு நாளும் காத்திருக்க வேண்டாம். உடனே மருத்துவரையோ செவிலியரையோ அணுகுங்கள். நடுவண் அரசின் ‘டெலி மானஸ்’ மனநல உதவி எண் 14416, இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி இயங்குகிறது. அவர்களிடம் தமிழிலேயே பேசலாம்.

சொல்லத் தயங்கிய உணர்வை நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் சொல்லிவிட்டால், அதைத் தனியே சுமக்கும் நிலை நீங்கும்.