புதிய கண்ணாடித் தொட்டியில் மீன்களை விடும் முறை

கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்ப்பது விஞ்ஞானப் பாடத்திற்குச் சிறந்ததொரு துணையாகும். ஆயினும், தொட்டி தயாராகிவிட்டது என்று கருதி, ஒரே நாளில் பதினைந்து இருபது மீன்களை விட்டு, அவற்றுள் பெரும்பாலானவை ஒரு வாரத்திற்குள் மடிவதைக் கண்டு, அம்முயற்சியையே கைவிடுகிற பள்ளிகள் பல. அலங்கார மீன் வளர்ப்பைக் கிராமக் குடும்பங்களுக்குத் துணைத் தொழிலாகக் கற்பிக்கும் கள ஊழியர்களுக்கும் இத்தகைய முதல் தோல்வி பெருந்தடையாக அமைகிறது. குற்றம் மீனிடத்தில் உள்ளது என்றோ, நோயால் விளைந்தது என்றோ கூறுவது வழக்கம். உண்மையில் பிழை பெரும்பாலும் நம் கணக்கிலேயே இருக்கிறது.

தொட்டி பக்குவமாதல்

மீன்கள் தம் செவுள்கள் வழியாக அம்மோனியாவை வெளியேற்றுகின்றன. மிஞ்சிய உணவும் கழிவும் அழுகுவதாலும் அம்மோனியா உண்டாகிறது. இது மீனுக்கு நஞ்சு. ஒருவகை பாக்டீரியாக்கள் இதனை நைட்ரைட்டாக மாற்றுகின்றன, அதுவும் நஞ்சே. வேறொரு வகை பாக்டீரியாக்கள் நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகின்றன. இதனால் விளையும் தீங்கு மிகக் குறைவு. மண்ணில் நிகழும் இம்மாற்றத்திற்குக் காரணமான உயிர்களை 1890-ஆம் ஆண்டையொட்டி ரஷ்ய விஞ்ஞானி வினோகிராட்ஸ்கி பிரித்தெடுத்துக் காட்டினார். இரு படிகளையும் தனித்தே செய்து முடிக்கும் நைட்ரோஸ்பைரா வகைகளும் உண்டு என்பது 2015-இல் வெளியாயிற்று.

இந்த உயிர்கள் வடிகட்டியின் பஞ்சிலும் கூழாங்கற்களின் மேலும் படிந்து வாழ்கின்றன. தண்ணீரில் மிதப்பவை மிகச் சிலவே. சாதாரண பாக்டீரியாக்கள் பல அரைமணி நேரத்தில் இரட்டிப்பாகும். இவையோ இரட்டிப்பாவதற்கு அரை நாளோ ஒரு நாளோ கூட எடுத்துக்கொள்ளும். தொட்டி பக்குவமாக நான்கு முதல் ஆறு வாரம் வரை ஆவது இதனாலேயே.

பக்குவத்திற்கும் ஓர் அளவு உண்டு

அம்மோனியாவும் நைட்ரைட்டும் சோதனையில் காணப்படவில்லை என்றால், தொட்டியில் அன்றாடம் உண்டாகும் அம்மோனியா முழுவதும் செலவாகிறது என்பது மட்டுமே பொருள். இன்னும் எவ்வளவு செலவாகக்கூடும் என்பதை அது கூறாது. பாக்டீரியாக்களின் தொகை அவற்றிற்குக் கிடைக்கும் உணவின் அளவினதே. நாள்தோறும் ஒரு சிட்டிகை மீன் உணவு இட்டுப் பக்குவப்படுத்திய தொட்டி, அந்தச் சிட்டிகைக்குரிய சுமையைத் தாங்கும். இருபது மீன்களின் சுமையைத் தாங்காது.

தொட்டியின் ஆற்றலை அளந்து பார்க்க எளிய வழியொன்று உண்டு. 60 சென்டிமீட்டர் நீளமும், 30 சென்டிமீட்டர் அகலமும், 30 சென்டிமீட்டர் உயரமும் உள்ள தொட்டி 54 லிட்டர் கொள்ளும்; கூழாங்கல் போக 45 லிட்டர் தண்ணீர் நிற்கும். மீன் இல்லாத அத்தொட்டியில் தூய நவச்சாரம் 0.3 கிராமைக் கரைத்தால், லிட்டருக்கு ஏறத்தாழ 2 மில்லிகிராம் அம்மோனியா சேரும். 24 மணி நேரத்தில் அம்மோனியா, நைட்ரைட்டு இரண்டும் மறைந்துவிட்டால் தொட்டி தேறியது எனலாம். பின்னர்ப் பாதித் தண்ணீரை மாற்றி, திரண்ட நைட்ரேட்டைக் குறைத்து, தாமதமின்றி மீன் விடவேண்டும். உணவின்றி வாரக்கணக்கில் கிடந்தால் பாக்டீரியாக்கள் குறைந்துவிடும்.

மீன் விடும் நாள்

தேறிய தொட்டியிலும் தவணை தவணையாக விடுவதே முறை. முதல் தவணைக்கு, நம் நாட்டு ஓடைகளிலும் வயல்களிலும் இயல்பாக வாழும் ஜீப்ரா மீன்கள் ஆறு போதும். இவை கூட்டமாக வாழ்பவை; ஆகையால் ஓரிரண்டாக விடலாகாது. இரு வாரம் சோதனைகள் குறைவின்றி அமைந்த பின்னரே அடுத்த தவணை.

குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்குமாயின், சோடியம் தையோசல்பேட்டால் நீக்கிய பிறகே பயன்படுத்தவேண்டும். மீன் வந்த பாலிதீன் பையை அவிழ்க்காமல் 20 நிமிடம் தொட்டியில் மிதக்கவிட்டால் உஷ்ணம் சமமாகும். பை மூடியிருக்கும் வரை, மீன் வெளிவிட்ட கரியமிலவாயு தண்ணீரை அமிலத்தன்மையில் வைத்திருக்கும். திறந்ததும் அவ்வாயு வெளியேற, காரத்தன்மை மிகும். பையில் சேர்ந்திருந்த அம்மோனியாவின் நஞ்சும் மிகும். பி.எச். அளவு 7-லிருந்து 8-க்கு உயர்ந்தால், நஞ்சுள்ள அம்மோனியாவின் பங்கு ஏறத்தாழ பத்து மடங்காகிறது. ஆகவே பையைத் திறந்த பின் தாமதம் கூடாது. தொட்டித் தண்ணீரைச் சிறிது சிறிதாகக் கலந்து, கால் மணி நேரத்திற்குள் மீனைக் கைவலையால் எடுத்து விடுக. பைத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றவேண்டாம்.

முதல் இரு வாரங்கள்

முதல் நாள் உணவு வேண்டியதில்லை. மறுநாள் முதல், இரண்டு நிமிடத்தில் தின்று தீரும் அளவே இடவேண்டும். பாக்டீரியாக்களுக்கும் பிராணவாயு தேவையாதலால், வடிகட்டியை இரவில் நிறுத்தலாகாது. அதன் பஞ்சைக் குழாயடியில் கழுவினால் குளோரின் அவற்றைக் கொன்றுவிடும். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலசுக.

நாள்தோறும் சோதித்து, அம்மோனியாவோ நைட்ரைட்டோ தோன்றினால் உணவை நிறுத்தி, மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை உடனே மாற்றவேண்டும். நைட்ரைட்டு இரத்தத்தின் பிராணவாயு ஏற்கும் திறனைக் கெடுப்பதால், செவுள் பழுப்பு நிறமாகி மீன் மேல்மட்டத்தில் வாய் பிளந்து நிற்கும். அப்பொழுது 10 லிட்டருக்கு 1 கிராம் சாப்பாட்டு உப்பைக் கரைத்து விடுவது, நைட்ரைட்டு செவுள் வழியாக உட்புகுவதைத் தடுக்கும்.

இந்த அளவுகளை மாணவர்களே தேதி வாரியாக ஒரு குறிப்பேட்டில் எழுதிவரச் செய்தல் நன்று. கண்ணுக்குப் புலப்படாத உயிர்களின் பெருக்கமும் குறைவும் அவ்வெண்களில் அவர்களுக்குப் புலப்படும். முதல் ஆறு மீன்கள் நலமாயிருக்கும் தொட்டியில் அடுத்த ஆறுக்கு இடம் தானே உண்டாகும். அதற்கு இரு வாரம் காத்திருப்பது ஒன்றே நாம் செய்யவேண்டுவது.