பட்டறைக்குள் போய் உட்கார்

அன்புள்ள தம்பிக்கு,

பெங்களூர் விவேக் நகரிலிருந்து நீ அனுப்பிய கோட்டோவியங்கள் வந்து சேர்ந்தன. குழந்தை ஏசு ஆலயத்துக்கு வியாழக்கிழமைகளில் திரளும் கூட்டத்தை நன்றாகப் பிடித்திருக்கிறாய். அதிலும் மெழுகுவத்தி விற்கிற அம்மா சில்லறையை எண்ணிக்கொண்டே அடுத்து வருகிறவரைக் கண்ணால் நிறுத்தி வைக்கிறாரே, அந்தப் பக்கத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கஸ்தூர்பா சாலையில் இருக்கும் விஸ்வேஸ்வரய்யா தொழில்நுட்ப அருங்காட்சியகத்தில் அனுமதி வாங்கி, சில மாதங்கள் அங்கேயே இருந்து, வேலை செய்கிறவர்களை வரையலாமா என்று கேட்கிறாய். தாராளமாகச் செய். எங்கே உட்கார்ந்து வரைவது என்பதை மட்டும் முதலில் முடிவு செய்துகொள்.

காட்சிக்கூடங்களில் உட்காராதே. ரைட் சகோதரர்களின் விமானத்துக்கு அங்கே முழு அளவில் மாதிரி இருக்கிறது, எஞ்சின்கள் இருக்கின்றன. கண் அங்கேதான் ஓடும். ஆனால் அவற்றை வரைய யார் வேண்டுமானாலும் வருவார்கள். 1962இல் நேரு திறந்துவைத்த கட்டடம் அது. மின்சாரத்தைப் பற்றிய முதல் கூடம் 1965இல் திறந்தது. அன்றுமுதல் பள்ளிப் பிள்ளைகள் வரிசையில் வந்து பொத்தான்களை அழுத்திக்கொண்டிருக்கிறார்கள். அழுத்தினால் சக்கரம் சுற்ற வேண்டும், விளக்கு எரிய வேண்டும். இத்தனை விரல்கள் பட்டால் பொத்தான் தேயும், பெல்ட் தளரும், ஒயர் விட்டுப்போகும். மறுநாள் காலை அடுத்த பள்ளி வருவதற்குள் அதைச் சரிசெய்து வைக்க ஓர் ஆள் வேண்டும். இதைப் போலத் தேசிய அறிவியல் அருங்காட்சியகக் குழுவின் கீழ் இயங்கும் நிலையங்கள் தங்கள் காட்சிப்பொருள்களில் பெரும்பகுதியைச் சொந்தப் பட்டறையிலேயே செய்துகொள்கின்றன. தச்சரும் ஃபிட்டரும் எலக்ட்ரீசியனும் பெயின்டரும் இருக்கும் அந்த இடம்தான் உன் இடம். காட்சிப் பலகைகளில் விதி இருக்கும், விஞ்ஞானியின் பெயர் இருக்கும். காட்சிப்பொருளைச் செய்தவரின் பெயர் இருக்காது.

இது இன்று தொடங்கிய வழக்கமில்லை. 1907இல் கல்கத்தாவில் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்துக்கு இயற்பியலாளர் சி.வி. ராமன் போனபோது அவருக்குக் கதவு திறந்துவிட்டவர் ஆசுதோஷ் தே. பிறகு அவர் ஆண்டுக்கணக்கில் ராமனின் சோதனைக் கருவிகளோடு கூடவே நின்றார். திருச்சியில் பிறந்து பெங்களூரில் வாழ்ந்து மறைந்த ராமனின் முகம் நம் எல்லோருக்கும் தெரியும், தபால்தலையில்கூட இருக்கிறது. ஆசுதோஷ் தேயின் முகம் எப்படி இருக்கும் என்று நம்மில் யாருக்குத் தெரியும்? பக்கத்தில் ஓர் ஓவியன் உட்கார்ந்திருந்தால் தெரிந்திருக்கும்.

முதல் வாரம் பென்சிலை எடுக்காதே. வேலையைக் கற்றுக்கொள். அரம் போடுகிற ஃபிட்டரைப் பார். அரம் முன்னே போகும்போதுதான் வெட்டும். திரும்பி வரும்போது அழுத்தம் இருக்காது. அதனால் இடது கால் முன்னே இருக்கும், உடம்பின் கனம் தோளிலிருந்து உள்ளங்கைக்கு இறங்கும், இடது கை அரத்தின் நுனியை மட்டமாக வைத்திருக்கும். இது தெரியாமல் வரைந்தால் அவர் கையில் இருப்பது அரமா கத்தியா என்று சொல்ல முடியாது. சால்டரிங் செய்கிறவர் முதலில் இணைப்பைச் சூடாக்குவார், ஈயத்தைப் பிறகுதான் தொடுவார்; புகை முகத்தில் படாமல் தலை ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். அந்தச் சாய்வுதான் உன் கோடு. லேத்தில் நிற்பவரின் சட்டைக் கை மடித்திருக்கும். கழுத்தில் துண்டு இருக்காது. தளர்ந்த துணி எதுவும் சுழல்கிற இரும்பில் சிக்கக் கூடாது. நீ அழகுக்காக ஒரு துண்டைப் போட்டுவிட்டால், பட்டறையில் இருப்பவர்கள் அந்தப் படத்தை ஒரு நொடி பார்த்துவிட்டுக் கீழே வைத்துவிடுவார்கள். அவர்கள்தான் உனக்கு முதல் விமர்சகர்கள்.

நம் மரபிலிருந்தே இரண்டு ஆபத்துகள் வரும். தஞ்சாவூர் ஓவியர்கள் ஆங்கிலேயருக்காகத் தீட்டிய ஆல்பங்களில் ஒவ்வொரு தொழிலுக்கும் ஓர் ஆணும் பெண்ணும் கருவியைப் பிடித்தபடி நிற்பார்கள். நுணுக்கம் அபாரம். ஆனால் நிற்பது சாதியும் தொழிலும்தான். ஆள் அங்கே இல்லை. இன்னொன்று மெரினாவில் இருக்கிறது: தேவி பிரசாத் ராய் சௌத்ரியின் உழைப்பாளர் சிலை, 1959இல் வைத்தது. பாறையைப் பெயர்க்கும் அந்த நால்வரின் முதுகுகளை நான் இன்றும் அண்ணாந்து பார்க்கிறேன். எனினும் அது உனக்கு முன்மாதிரி ஆகாது. அருங்காட்சியகப் பட்டறையில் தசை முறுக்கும் தருணங்கள் அபூர்வம். மல்டிமீட்டரின் முள்ளையோ எண்ணையோ பார்த்து ஒருவர் யோசித்துக்கொண்டிருப்பார். மோட்டாரின் சத்தத்தில் என்ன கோளாறு என்று காது கொடுத்துக் கேட்பார். யோசிப்பதும் கேட்பதும் வேலைதான். அதை வரைவது பாறையைத் தள்ளும் தோளை வரைவதைவிடக் கடினம் என்பது என் முடிவு.

மெக்சிகோ ஓவியர் டியேகோ ரிவேரா 1932இல் டெட்ராய்ட்டுக்குப் போனபோது உடனே சுவரைத் தொடவில்லை. ஃபோர்டின் ரூஜ் தொழிற்சாலையில் மாதக்கணக்கில் சுற்றி வரைந்து பார்த்த பிறகே 27 சுவரோவியப் பகுதிகளைத் தீட்டினார். நிதானமாகப் பார்க்கிறவனைத்தான் தொழிலாளிகள் நம்புவார்கள்.

இயக்குநருக்கு இந்த வாரமே கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் கடிதம் எழுது. அவர் அனுமதி கொடுத்தாலும் ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேள். வேண்டாம் என்பவரை வற்புறுத்தாதே. சம்மதித்தவரின் பெயரையும் அன்று அவர் செய்த வேலையையும் படத்தின் கீழே எழுது. பிரதி எடுத்து முதலில் அவர் கையில் கொடு. கண்காட்சி வைப்பதானால் பக்கத்திலேயே வெங்கடப்பா கலைக்கூடம் இருக்கிறது. ஆனால் அதற்கு முன் ஒரு நாள் பட்டறைச் சுவரில் எல்லாவற்றையும் மாட்டிவை. தவறு என்று அவர்கள் சொல்லும் படத்தைத் திருப்பி வரை.

அன்புடன்,
உன் அண்ணன்